பேனிக் அட்டாக்: மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

நெஞ்சு படபடத்து, "செத்துவிடுவேன்" என்று நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி நார்மல் என்று திரும்பியவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான்.

காரணத்திலேயே இரு கட்சி. மனம் சாதாரணப் படபடப்பை மாரடைப்பு என்று தப்பாகப் படிக்கிறது என்றார் உளவியலாளர் டேவிட் கிளார்க் (1986). மூளையின் மூச்சுத்திணறல் அலாரம் பொய்யாக அடிக்கிறது என்றார் மனநல மருத்துவர் டொனால்ட் க்ளைன் (1993). எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது.

பலன் தெரிய
மாத்திரை (செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம்): 2 முதல் 6 வாரம். முதல் சில நாள் பதற்றம் கூடலாம். தயவுசெய்து அதற்குப் பயந்து நீங்களாகவே நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.
சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை): வாரம் ஒரு அமர்வு, பெரும்பாலும் 12 முதல் 16.

செலவு
மாத்திரை மலிவு. சிபிடிக்கு ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம்.

சிரமம்
மாத்திரை: தினம் ஒன்று, அவ்வளவுதான். தூக்கம், வயிறு, தாம்பத்தியம் பாதிக்கப்படலாம்.
சிபிடி: உழைப்பு வேண்டும். சிகிச்சையாளர் முன்னால் ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், அதே பயம் எட்டிப் பார்க்கும். அப்புறம் அதுவாகவே அடங்கும். நான்கைந்து முறை செய்ததும், இந்தப் படபடப்பு ஆபத்தில்லை என்று உடம்பே புரிந்துகொள்கிறது.

நிலைப்பு
மாத்திரையை நிறுத்தினால் திரும்பும் வாய்ப்பு அதிகம். சிபிடியில் கற்றது கூடவே இருக்கும்.

மனச்சோர்வும் சேர்ந்து எழவே முடியாதவர்கள் மாத்திரையில் தொடங்கலாம். பஸ், கூட்டம் என்று ஒதுங்கத் தொடங்கியவர்களுக்கு சிபிடிதான் என் தேர்வு. தீவிரமாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.