ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் டிஸ்க் குளோன்: பல வருடம் புழங்கிய பிறகு

விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) டிஸ்க்குகளை நகலெடுத்துக் கொடுக்கும் வேலை பல வருடங்களாக என் தலையில்தான் இருக்கிறது. விஎம்வேர் கிளஸ்டர் (அந்த மெஷின்களை ஓட்டும் சர்வர்களின் கூட்டம்), ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கான அதிவேக நெட்வொர்க்), பின்னால் ஸ்டோரேஜ் அரே (பல டிஸ்க்குகளைச் சேர்த்த பெட்டி) என்பது வழக்கமான அமைப்பு. சில இடங்களில் சாதாரண நெட்வொர்க் வழியே போகும் ஐஸ்கஸி, இப்போது கொஞ்சம் செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஸ்டோரேஜ் ஆக்கும் மென்பொருள்). விற்பனை டெமோவில் பெரிய டிஸ்க் ஒன்று நொடியில் நகலாகும். அது உண்மைதான். என் நேரத்தைத் தின்பது எல்லாம் அந்த நொடிக்குப் பிறகு வருகிறது.

முதலில் வேகம். பழைய முறையில் ஹோஸ்ட் (மெஷின்களை ஓட்டும் சர்வர்) ஒவ்வொரு பிளாக்கையும் (டேட்டாத் துண்டையும்) அரேயிலிருந்து படித்து, அதே அரேக்குத் திருப்பி எழுதும். ஒரே டேட்டா நெட்வொர்க்கில் போகவும் வரவும் செய்யும். 2010-ல் விஎம்வேரின் வீஸ்பியர் 4.1-உடன் வந்த விஏஏஐ (ஸ்டோரேஜ் வேலையை அரேயிடமே ஒப்படைக்கும் வசதி) இதை மாற்றியது. ‘இங்கிருந்து அங்கே நகலெடு’ என்று எக்ஸ்காப்பி கட்டளையை ஹோஸ்ட் கொடுத்தால் போதும், மிச்சத்தை அரே தனக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். குளோன் ஓடும்போது சுவிட்ச் போர்ட் கிராஃப் அசையாமல் கிடக்கும்.

ஆனால் மூல டிஸ்க்கும் இலக்கும் வெவ்வேறு அரேயில் இருந்தாலோ, மெஷினில் ஏற்கெனவே ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் ஒரு கண நிலையைப் பதிந்து வைப்பது) இருந்தாலோ, சத்தமில்லாமல் பழைய முறைக்குத் திரும்பிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சந்தேகம் வந்தால் ஹோஸ்ட்டின் கண்காணிப்புக் கருவியான ஈஎஸ்எக்ஸ்டாப்பில் டிஸ்க் டிவைஸ் பக்கத்தைத் திறந்து விஏஏஐ புள்ளிவிவரத்தை இயக்கிப் பாருங்கள். குளோன் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் டேட்டா கேபிள் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அரே ஸ்னாப்ஷாட் இன்னும் வேகம், ஏனென்றால் அது டேட்டாவைத் தொடுவதே இல்லை. அதற்கான விலையை அப்புறம் தவணையில் கட்ட வேண்டும். காப்பி-ஆன்-ரைட் முறையில், ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் ஒரு பிளாக்கில் முதல்முறை எழுதும்போது பழையதைப் படித்து வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். ரீடைரக்ட்-ஆன்-ரைட் முறையில் புதியதை வேறிடத்தில் எழுதிவிடுவதால் இந்தச் சுமை இல்லை. அரே வாங்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். மெஷின் அளவிலான ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. பேட்ச் போடும் முன் எடுத்துவிட்டு மறந்துபோன ஸ்னாப்ஷாட் இல்லாத கிளஸ்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உண்மையான தலைவலி அடையாளம். நகல் என்றால் அச்சு அசல் நகல், உள்ளே இருக்கும் ஐடி உட்பட. குளோன் செய்த லன்னை (அரே ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதி) அதே ஹோஸ்ட்டுக்குக் காட்டினால், அதில் இருக்கும் விஎம்எஃப்எஸ் (விஎம்வேரின் ஃபைல் சிஸ்டம்) கையெழுத்து பழைய டிஸ்க்குடையது என்று ஹோஸ்ட்டில் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ கண்டுபிடித்து, மவுண்ட் செய்யாமல் (பயன்பாட்டுக்கு இணைக்காமல்) நிறுத்தும். ரீசிக்னேச்சர் செய்தால், அதாவது புதுக் கையெழுத்து போட்டால், ‘ஸ்னாப்’ என்று தொடங்கும் நீளமான பெயருடன் புது டேட்டாஸ்டோர் (மெஷின்களின் ஃபைல்கள் இருக்கும் இடம்) வரும். அதிலுள்ள மெஷின்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய வேண்டும். முதல்முறை இயக்கும்போது, நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா என்று கேட்கும். நகல் என்று சொன்னால்தான் புது ஐடியும் புது மேக் முகவரியும் கிடைக்கும்.

லன்னை நேரடியாக லினக்ஸுக்குக் கொடுத்தால் வேறு கதை. அசல் மவுண்ட் ஆகியிருக்கும் சர்வரிலேயே நகலையும் மவுண்ட் செய்யப் போனால், ஒரே யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) என்று லினக்ஸ் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் மறுத்துவிடும். யூயூஐடியை மாற்றப் போனால், ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவில்) முடிக்காத வேலை இருக்கிறது என்று அதற்கும் முட்டுக்கட்டை போடும். ஆகவே ‘நோயூயூஐடி’ ஆப்ஷனோடு ஒருமுறை மவுண்ட் செய்து, ஜர்னல் முடிந்ததும் அன்மவுண்ட் செய்து, பிறகு எக்ஸ்எஃப்எஸ் அட்மின் கருவியால் ஐடியை மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் நடக்காது. எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்குகளைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் அதற்கு முன்பே, நகலின் எல்விஎம் ஐடியை மாற்றும் விஜிஇம்போர்ட்குளோன் கட்டளை. பலருக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸின் இந்தப் பிடிவாதம் எரிச்சல் தருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 எதுவும் கேட்காது. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதை மவுண்ட் செய்வது என்ற பட்டியலில்) யூயூஐடி எழுதியிருந்தால், ரீபூட்டுக்குப் பிறகு அசலுக்குப் பதிலாக நகல் மவுண்ட் ஆகிவிடலாம்.

டேட்டாபேஸ் என்றால் டேட்டா ஒரு லன்னிலும் லாக் இன்னொன்றிலும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே ஸ்னாப்ஷாட் எடுத்தால், இடையில் ஒரு நொடி வித்தியாசம் இருந்தாலும் நகலை நம்ப முடியாது. கன்சிஸ்டென்சி குரூப்பில் சேர்த்து ஒரே கணத்தில் எடுத்தால், மின்சாரம் போய் வந்தது போல நினைத்து டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழும்பும். சில அரேக்களில் இதற்குத் தனி லைசென்ஸ். கூடுதல் வசதி என்று அதை விற்பது எனக்கு ஒப்பவில்லை.

செஃப் ஆர்பிடியில் (செஃப் தரும் டிஸ்க் வசதியில்) குளோன் எடுப்பது சுலபம். ஆனால் குளோன் தாய் ஸ்னாப்ஷாட்டைச் சார்ந்தே நிற்கும், ஃபிளாட்டன் செய்யும் வரை, அதாவது தாயின் டேட்டாவைக் குளோனுக்குள் நகலெடுக்கும் வரை, தாயை முழுமையாக அழிக்க முடியாது. விஎம்வேரின் லிங்க்டு குளோனிலும் இதே சங்கதி. அதனால் ஒவ்வொரு நகலின் பெயரிலும் யார் கேட்டது, எப்போது அழிக்கலாம் என்று சேர்த்துவிடுகிறேன்.

அழித்த பிறகும் பூலில் (அரேயின் பொது இடத்தில்) இடம் திரும்பாமல் இருக்கலாம். விஎம்எஃப்எஸ் 6-ல் அன்மேப் (அழித்த இடத்தை அரேக்குத் திருப்பும் வேலை) பின்னணியில் தானாக ஓடும், ஆனால் மெதுவாக. விஎம்எஃப்எஸ் 5-ல் கையால்தான் ஓட்ட வேண்டும். தின் பூலை (எழுத எழுதத்தான் இடம் ஒதுக்கும் பூலை) நிரம்ப விட்டால், நகலைத் தொடாத மெஷின்களும் எழுத முடியாமல் நின்றுவிடும். நான் 75 சதவீதத்திலேயே அலாரம் வைத்திருக்கிறேன்.