பரோசாவா, மெக்லாரன் வேலா, மலையா? அடிலெய்டில் ஒருநாள் ஒயின் சுற்று

அடிலெய்டில் குடியிருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். ஊரிலிருந்து வந்தவர்கள் மூன்றாம் நாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இங்க ஏதோ ஒயின் தோட்டமெல்லாம் இருக்காமே" என்று ஆரம்பிப்பார்கள். இருப்பது ஒன்றல்ல. வடகிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பரோசா. தெற்கே முக்கால் மணியில் மெக்லாரன் வேல். கிழக்கே மலை ஏறினால் அரை மணிக்குள் அடிலெய்ட் ஹில்ஸ். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டை முடித்துவிடலாம் போல வரைபடம் ஆசை காட்டும். நம்பாதீர்கள். பெரும்பாலான இடங்கள் காலை பத்து மணிக்கு முன் திறப்பதில்லை, மாலை ஐந்துக்குள் மூடிவிடுவார்கள். நடுவில் சாப்பாடு வேறு.

எங்கே ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் நன்றாயிருக்கும், எங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் நன்றாயிருக்கும் என்றுதான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது பிறகு வரும் கேள்வி. வண்டியில் குடிக்காதவர்கள் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் வீட்டு ஏழு சீட் வண்டி என்றால் ஐந்து பேர் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கும் அது ஒரு நாள்தானே?

அதற்கும் முன்னால், வண்டியை யார் ஓட்டுவது என்ற சாவிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆலையை ஒட்டிய சுவைக்கும் கூடத்தை இங்கே செல்லர் டோர் என்பார்கள். ஒரு செல்லர் டோரில் ஐந்து வகை ஊற்றுகிறார்கள், ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடம் போனால் 450 மில்லி. பரோசா ஷிராஸ் 14.5 சதவீதம் சாதாரணமாக இருக்கும். ஆக ஆல்கஹால் மட்டும் 50 கிராமுக்கு மேல். இங்கே 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம். 'சும்மா ருசி பார்த்தேன்' என்றவர் ஐந்து டிரிங்க் உள்ளே தள்ளியிருப்பார். ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.05 சதவீதம். புது லைசென்ஸ் வாங்கி பி பிளேட் மாட்டியவருக்குப் பூஜ்யம். போலீஸ் எந்த முக்கிலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். மேஜையில் துப்புவதற்கென்று கிண்ணம் இருக்கும். துப்பினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தொழில்காரர்களே துப்புகிறார்கள். ஆனாலும் நம்மவர்களுக்குக் காசு கொடுத்ததைத் துப்ப மனசு வராது. எனவே ஓட்டுபவர் யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒயினுக்காகவே போகிறவர்கள் வேறெதையும் யோசிக்காமல் பரோசாவுக்குப் போகலாம். 1842-இல் பிரஷ்யாவின் சிலேசியாப் பக்கமிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் பெத்தனியில் குடியேறித் தொடங்கிய ஊர் அது. இன்றைக்கும் ஊருக்கு ஊர் கூர்கோபுர சர்ச், ஜெர்மன் பேக்கரி. தனுண்டாவில் லாங்மைல் ஆலையிடம் 1843-இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இருக்கின்றன, இன்னும் காய்க்கின்றன. இவ்வளவு வயதான கொடி தப்பியதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை நுழையவில்லை. பக்கத்து விக்டோரியாவில் இருக்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணோடுகூட வந்துவிடும் பூச்சி என்பதால் தோட்ட வேலிகளில் 'உள்ளே வராதீர்கள்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். கொடிக்கு நடுவே நின்று போட்டோ எடுக்க நம் ஜனம் துடிக்கும். தடுத்து நிறுத்த வேண்டியது கூட்டிப்போனவர் பொறுப்பு.

பரோசாவில் ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் செப்பல்ட்ஸ்ஃபீல்ட் ஆலை. 1851-இல் தொடங்கியது. போகும் சாலையின் இருபுறமும் பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும். 1930களின் பெருமந்தக் காலத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் மரம் நட வைத்திருக்கிறார்கள். உள்ளே 1878-இலிருந்து ஒவ்வொரு வருஷத்து டானியும் பீப்பாயில் இருக்கிறது. டானி என்பது போர்ட் வகை இனிப்பு ஒயின். அந்தந்த வருஷத்ததை நூறு வருஷம் கழித்துத்தான் புட்டியில் அடைத்து விற்பார்கள். ஆனால் முன்பதிவு செய்தால் நீங்கள் பிறந்த வருஷத்துப் பீப்பாயிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தருவார்கள்.

போன தடவை என் மச்சினனுக்கு 1984. நிலவறைக்குள் போனதுமே மரமும் உலர்திராட்சையும் கலந்த ஒரு கனத்த வாசம். பீப்பாயின் வாயைத் திறந்து நீளக் குழாயால் உறிஞ்சி, சின்னக் கிளாஸில் விட்டார் ஆலைப் பெண் ஒருவர். பாதி விரல் உயரம்கூட இல்லை. காப்பிக் கஷாயத்தின் நிறம். சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடியில் எண்ணெய் மாதிரி பிடித்துக்கொண்டு மெதுவாக வழிந்தது. குடிப்பழக்கமே இல்லாத என் மாமனார் கிளாஸை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இது நம்ம கருப்பட்டிப் பாகு வாசம்ல அடிக்குது?"

"ஆமா மாமா, கொஞ்சம் அப்படித்தான்."

"இதுக்கா இவ்வளவு காசு வாங்குறாங்க?" என்று கிளாஸை மகனிடம் நீட்டினார். அவனோ வாயில் வைத்து ஐந்து நிமிஷம் பேசவே இல்லை.

அன்று பரோசாவில் அவனுக்குக் கிடைத்தது அது. மற்றவர்களுக்கு? ஆங்கஸ்டனில் சனிக்கிழமை காலை உழவர் சந்தை உண்டு, அது நல்ல பொழுது. பிறகு ஒயின், மறுபடி ஒயின். இடத்துக்கு இடம் காரில் போயாக வேண்டும். நடக்கிற தூரமில்லை. காலர் (Gawler) என்ற ஊர் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ் மாறிப் போனாலும் இறங்கியபின் கதி இல்லை. ஜனவரி வெயிலில் குழந்தைகள் வண்டியிலேயே புலம்ப ஆரம்பித்துவிடும். மூன்று மணிக்கு மேல் என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

மெக்லாரன் வேலில் இந்தப் பிரச்சினை கிடையாது, காரணம் கடல். திராட்சைத் தோட்டத்திலிருந்து வண்டியை எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போர்ட் வில்லங்கா. செங்காவி நிறத்தில் செங்குத்தான கரை. அடியில் மீனவர்கள் படகு வைக்கக் குடைந்த குகைகள். பழைய தோணித்துறையின் மரக்கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்கும். 1888-இல் 'ஸ்டார் ஆஃப் கிரீஸ்' என்ற கப்பல் மூழ்கியது இந்தக் கரையோரம்தான். செல்லர் டோர்கள் பலவற்றில் வெளிச்சாப்பாடு கூடாது, சைவத்துக்கு அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் சீஸும் ரொட்டியும். ஆகவே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இந்தக் கரைமேல் உட்கார்ந்துதான். மணலில் பிள்ளைகளை விட்டால் இரண்டு மணி நேரம் உங்களைத் தேட மாட்டார்கள்.

குடிக்காதவர்களையும் இழுக்கிற இன்னொரு இடம் டேரன்பெர்க். 1912-இல் தொடங்கிய குடும்ப ஆலை. 2017-இல் தோட்டத்துக்கு நடுவே ஐந்து மாடியில் கண்ணாடியால் ஒரு கியூப் கட்டினார்கள். ரூபிக்ஸ் கியூபை யாரோ பாதி திருகி வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். கீழ்த்தளத்தில் பூ, பழம், மசாலா வாசனைகளை ஜாடி ஜாடியாக வைத்திருக்கிறார்கள். சைக்கிள் ஹாரன் மாதிரி ஒன்றை அமுக்கினால் வாசம் மூக்கில் அடிக்கும். என் மகள் அரை மணி நேரம் நகரவில்லை. கட்டிடம் கொஞ்சம் கூத்துதான், எனக்கு அழகாகப் படவில்லை. ஆனால் கூட்டிப்போனவர்கள் எல்லாரும் அதைத்தான் ஊரில் போய்ச் சொல்கிறார்கள்.

ஒயினும் இங்கே இளைத்ததல்ல. பழைய கொடிகளில் விளையும் கிரெனாஷ் என்ற சிவப்பு ஒயின் ஷிராஸைவிட லேசானது. காரச் சாப்பாட்டோடு எனக்கு அதுதான் ஒத்துப்போகிறது. கோரியோல் ஆலை 1985-இலேயே சாஞ்சியோவேசே என்ற இத்தாலியத் திராட்சையை நட்டது. வெயில் நாளில் வெள்ளை வேண்டுமென்றால் ஃபியானோ கேளுங்கள். ரயில் போன பழைய தடத்தை மெக்லாரன் வேலிலிருந்து வில்லங்கா வரை சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், சுமார் 8 கிலோமீட்டர், பெயரே ஷிராஸ் டிரெயில். சாவிக் கணக்குக்கு அதுவும் ஒரு விடைதான், தள்ளாடாமல் ஓட்ட முடிந்தால்.

அடிலெய்ட் ஹில்ஸோ கார் இல்லாதவர்களுக்கு ஏற்றது. நகரப் பேருந்து அட்டையிலேயே பஸ் பிடித்து ஹான்டார்ஃப் போய் இறங்கலாம். 1839-இல் ஜெர்மானியர் குடியேறிய ஊர். கூட்டி வந்த கப்பல் தலைவர் ஹானின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். நீளமான ஒரே தெரு, நடந்தே பார்க்கலாம். சீசனில் ஊர் விளிம்பில் ஸ்ட்ராபெரி பறிக்க விடுவார்கள். நகரத்தைவிடக் குளிர், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில்தான் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளையும் பினோ நுவார் என்ற சிவப்பும் நன்றாக வருகின்றன. 2019 டிசம்பரில் கட்லீ க்ரீக் காட்டுத்தீ இங்குள்ள பல தோட்டங்களைக் கருக்கிவிட்டுப் போனது. ஊற்றிக்கொடுப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அரை நாள்தான் இருக்கிறது, சாயங்காலம் விமானம் என்றால் மலையும் வேண்டாம். நகரத்துக்குள்ளேயே மகிலில் பென்ஃபோல்ட்ஸ் ஆலை இருக்கிறது. 1844-இல் ஒரு டாக்டர் வாங்கிய நிலம் அது. அவர்களிடம் ஒயின் செய்துவந்த மேக்ஸ் ஷூபர்ட் 1951-இல் கிரேஞ்ச் என்ற சிவப்பு ஒயினை முதன்முதலில் செய்தார். 1957-இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. மனிதர் நிறுத்தவில்லை, நிலவறையில் ஒளித்து வைத்துச் செய்துகொண்டிருந்தார். இன்று அதே ஒயின்தான் இவர்கள் பெருமை.

எந்தப் பக்கம் போனாலும் முன்பதிவு செய்யுங்கள். ஒருமுறை ஏழு பேராகச் சொல்லாமல் போய் நின்றோம். பெயர் வேண்டாம், சின்ன ஆலை. ஆறு பேருக்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். தப்பு எங்கள் பேரில்தான். சுவைப்பதற்குக் கட்டணம் உண்டு, புட்டி வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். கொடியில் பழம் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வர வேண்டும். ஜூலையில் வந்தால் வெறும் குச்சிதான்.

குடும்பமாக ஒரே ஒரு நாள் என்றால் நான் மெக்லாரன் வேலுக்குத்தான் வண்டியைத் திருப்புவேன். இரண்டு பேராவது உண்மையான ரசிகர்கள், பொறுமையான ஓட்டுநர் ஒருவர் என்று அமைந்தால் மட்டும் பரோசா.

புட்டி வாங்குவதில் ஒரு கணக்கு. இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். 750 மில்லியில் இரண்டு போகும், மூன்றாவது இடிக்கும். மச்சினன் நான்கு வாங்கியிருந்தான். கிளம்புகிற அன்று இரவு மாமா பெட்டியை மூடப் போனவர், வேட்டிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "என் பங்குக்கும் ரெண்டு வச்சிட்டானா?" என்றார்.

எடுத்து வெளியே வைக்கவில்லை. துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றி, பெட்டியை மூடினார்.