பான்கேக் ரெடி மிக்ஸ்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் வீட்டில் இருந்தால் பான்கேக் மிக்ஸ் பாக்கெட் வாங்கத் தேவையில்லை. நான்கு பொருட்களை அளந்து போடும் இரண்டு நிமிட வேலையைத்தான் அது மிச்சப்படுத்துகிறது. பான்கேக் பஞ்சு போல வருமா, ரப்பர் போல வருமா என்பது மாவைக் கலக்குவதிலும், தீயைப் பார்ப்பதிலும், திருப்பிப் போடும் நேரத்திலும் இருக்கிறது. பாக்கெட் வாங்கினாலும் அந்த மூன்று வேலையும் நம் தலையில்தான்.

தானே உப்பும் பான்கேக் மாவு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் ஜோசப் நகரில் 1889-ல் ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2021-ல் அது ‘பேர்ல் மில்லிங் கம்பெனி’ என்று பெயர் மாறியது. இன்றைய பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கிவிடலாம்: பாலும் முட்டையும் நாம் சேர்க்க வேண்டியது, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்பது.

முதல் வகைக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை. உள்ளே இருப்பது மைதா, சர்க்கரை, உப்பு, உப்ப வைக்கும் பொருள், அவ்வளவுதான். ருசி தரும் பொருட்களை எல்லாம் நாம்தான் போடுகிறோம்.

இரண்டாவது வகையில் முட்டைத்தூள், பால்தூள் அல்லது மோர்ப்பொடி, சோயா எண்ணெய் அல்லது பாமாயில் போன்றவை சேர்ந்திருக்கும். ஒரே தவாவில் இதையும் வீட்டில் கரைத்த மாவையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். பாக்கெட் மாவு நன்றாகவே எழும்பும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிய்த்தால் உள்ளே எல்லாத் துளையும் ஒரே மாதிரி சின்னதாக, ஸ்பாஞ்ச் போல உலர்ந்திருக்கும். வாயில் முதலில் இனிப்பு தெரியும், பின்னாலேயே உப்பு தெரியும், வெண்ணெய் வாசனை மட்டும் இருக்காது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றி, ஒரு கப் மிக்ஸுக்கு 1 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் சேர்த்தால் பாதிக் குறை தீரும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் உப்ப வைக்கும் பொருட்களைப் பெரும்பாலும் எண்களாகவே போட்டிருப்பார்கள். 500 என்றால் பேக்கிங் சோடா. 341, 450, 541 என்பவை அதனோடு வினைபுரியும் அமில உப்புகள். 341 வகையில் வரும் மோனோகால்சியம் பாஸ்பேட் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். 541 ஆகிய சோடியம் அலுமினியம் பாஸ்பேட் சூடு ஏறிய பிறகுதான் பெரிதாக வேலை செய்யும். இரண்டும் இருந்தால் மாவு கிண்ணத்தில் ஒரு முறை, தவாவில் ஒரு முறை என்று இரண்டு கட்டமாக உப்பும். ‘டபுள் ஆக்டிங்’ பேக்கிங் பவுடர் என்பதும் இதேதான். அலுமினியம் கலந்ததில் லேசான உலோகச் சுவை தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். அந்தச் சுவை நாக்கில் தட்டினால் அலுமினியம் சேராத பேக்கிங் பவுடராகப் பார்த்து வாங்குங்கள்.

பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கவே கூடாது. ஈரக்காற்று புகுந்தால் சோடாவும் அமிலமும் உள்ளேயே மெல்ல வினைபுரிந்து தீர்ந்துவிடும். கரைத்து ஐந்து நிமிடம் ஆகியும் மேலே ஒரு குமிழிகூட வரவில்லை என்றால் அந்த மிக்ஸ் செத்துப்போனது என்று அர்த்தம். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. பிரித்து வைத்த மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சிகள் பெருகலாம். தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டு மூச்சுத்திணறல் வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதற்கு ‘பான்கேக் சிண்ட்ரோம்’ என்றே பெயர். சுட்டுவிட்டோமே, பயமில்லை என்று இருக்க முடியாது. ஒவ்வாமை தரும் புரதம் சூட்டுக்கு அழிவதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வீட்டு மைதாவுக்கும் இதே கவனம் வேண்டும்.

இனி பாக்கெட் இல்லாமல் செய்யும் முறை. மைதா 200 கிராம், சர்க்கரை 25 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். ஈரப்பொருட்கள்: பால் 250 மில்லி, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 40 கிராம். கால் கப் அளவு ஊற்றினால் 8 அல்லது 9 வரும். மைதாவை முடிந்தவரை எடை போட்டே எடுங்கள். லேசாகத் தூவி நிரப்பிய ஒரு கப் 120 கிராம் இருக்கும், டப்பாவுக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் அதே கப் 150 கிராமைத் தொடும். நேற்று நன்றாக வந்த பான்கேக் இன்று களியாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கால் கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பவுடர் பழசு என்று இரண்டு மடங்கு போடுவது தவறு. அளவு மீறினால் கசக்கும், வேகமாக எழும்பி நடுவில் அமுங்கியும் போகும்.

பாலும் முட்டையும் அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் அது அங்கேயே உறைந்து மணிமணியாக மிதக்கும். உலர்ந்த பொருட்களை ஒரு கிண்ணத்தில் விஸ்கால் (கம்பிக் கலக்கியால்) நன்றாகக் கலந்து, நடுவில் குழி செய்து, ஈரப்பொருட்களை ஒரே தடவையில் ஊற்றுங்கள். இப்போது விஸ்கைக் கீழே வைத்துவிட்டு அகலமான கரண்டியை எடுங்கள். அடியிலிருந்து மேலாகப் பத்துப் பதினைந்து முறை புரட்டினால் போதும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். கட்டி கட்டியாக, பார்க்கவே அரைகுறையாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மழமழவென்று ஆகும்வரை அடித்தால் மைதாவின் பசைப் புரதமான குளூட்டன் இழுபட்டு வலை பின்னிக்கொள்ளும். பான்கேக் தட்டையாக, மெல்லும்போது ரப்பர் போல இழுக்கும்படி ஆவது பெரும்பாலும் இந்த ஒரு தவறினால்தான்.

பிறகு 5 முதல் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். மாவுச்சத்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சின்னக் கட்டிகள் தானாகக் கரையும், இழுபட்ட குளூட்டனும் தளரும். ஓய்வுக்குப் பின் திரும்பக் கலக்காதீர்கள், சேர்ந்திருக்கும் காற்று போய்விடும். கரண்டியைச் சாய்த்தால் மாவு ஓடாமல், தடித்த நாடா போல மெதுவாக விழுவது சரியான பதம்.

பாலுக்குப் பதில் புளித்த கெட்டி மோர் 300 மில்லி ஊற்றினால் இன்னும் மிருதுவாக வரும். அப்போது பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனாகக் குறைத்து, அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா சேர்க்க வேண்டும். மோரின் புளிப்புக்கு ஈடாகத்தான் சோடா. கூடினால் சோப்பு வாடை அடிப்பதோடு, உள்ளே வேகும் முன்பே மேல்பக்கம் கருத்துவிடும்.

அடி கனமான தவாவை மிதமான தீயில் ஐந்து நிமிடமாவது காய விடுங்கள். வெப்பமானி இருந்தால் 190 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு துள்ளி ஓடி இரண்டொரு நொடியில் மறைய வேண்டும். நின்ற இடத்திலேயே ஆவியானால் சூடு போதாது. வெண்ணெய் தடவியதும் காகிதத்தால் துடைத்து எடுத்துவிடுங்கள். தேங்கி நிற்கும் கொழுப்புதான் முதல் பான்கேக்கைப் புள்ளி புள்ளியாக, ஓரம் பொரிந்து வர வைக்கிறது.

ஊற்றிய பின் குமிழிகளைக் கவனியுங்கள். முதலில் வரும் குமிழி உடைந்தால் மாவு வழிந்து துளையை மூடிவிடும். இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். ஓரத்துக் குமிழி உடைந்து துளை திறந்தபடியே நின்று, விளிம்பின் ஈரப் பளபளப்பு மங்கினால் திருப்ப வேண்டியதுதான். இதற்கு இரண்டு முதல் மூன்று நிமிடம் ஆகும். மறுபக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். திருப்பியதும் கரண்டியால் அமுக்கினால், அதுவரை சேர்த்த காற்றை நாமே வெளியேற்றிவிடுகிறோம். வெளியே சிவந்து நடுவில் பச்சை மாவு இருந்தால் தீ அதிகம். வெளிறி, வறண்டு, கெட்டியாக வந்தால் தீ குறைவு.

சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினால் ஆவியிலேயே நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். கம்பித் தட்டில் பரப்பி, 90 டிகிரி ஓவனில் வைத்தால் எல்லாம் சுட்டு முடியும்வரை சூடாக இருக்கும்.

பிரயாணத்திலோ கூடாரத்திலோ பாலும் முட்டையும் கெடாமல் வைக்க வசதி இல்லாதபோது தண்ணீர் மட்டும் ஊற்றும் வகை உதவும். மற்றபடி, காலையில் அளக்க நேரமில்லை என்பவர்கள் சொந்த மிக்ஸே செய்து வைத்துக்கொள்ளலாம். மைதா 1 கிலோ, சர்க்கரை 125 கிராம், பேக்கிங் பவுடர் 55 கிராம், உப்பு 15 கிராம் எடுத்து, இரண்டு முறை சேர்த்துச் சலித்து டப்பாவில் அடைத்தால் ஐந்து தடவைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் 240 கிராம் மிக்ஸுக்குப் பால் 250 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 40 கிராம். பேக்கிங் பவுடரின் எக்ஸ்பைரி தேதியை டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.