தினமும் மூணே மூணு லிங்க்

காலைல எந்திரிச்சு வாட்ஸ்அப்ப தொறந்தா குரூப் குரூப்பா லிங்க் கெடக்கும், பாதி பழைய செய்தி, மீதி தலைப்ப மட்டும் படிச்சிட்டு ஃபார்வர்ட் பண்ணது. அதுல நொந்துதான் ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லிங்கிற இங்கிலீஷ் வெப்சைட் பக்கம் போனேன்.

நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல தத்துவம் சொல்லிக்கொடுத்த டெனிஸ் டட்டன் 1998ல ஆரம்பிச்சது. பழங்கால பேப்பர் மாதிரி மூணு பத்தி: கட்டுரை, புத்தக விமர்சனம், கருத்து. ஞாயித்துக்கிழமை தவிர தினமும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு புது லிங்க், அவ்ளோதான். ஆனா அந்த ஒவ்வொரு லிங்குக்கும் மேல ரெண்டு மூணு வரில ஒரு டீசர் எழுதுவாங்க பாருங்க, அங்கதான் சார் விஷயமே இருக்கு, கிளிக் பண்ணு கிளிக் பண்ணுன்னு கத்தாம, கொஞ்சம் குசும்பா ஒரு கேள்விய போட்டு விட்ருவாங்க, நமக்கு சம்பந்தமே இல்லாத சப்ஜெக்டா இருந்தாலும் உள்ள போயிட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய வருவோம், டீ ஆறிப்போயிருக்கும்.

2002லேந்து க்ரானிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷன்ங்கிற அமெரிக்க பத்திரிகை நடத்துது. டட்டன் 2010ல செத்துப்போயிட்டாரு, ஆனா ஸ்டைல் மாறல.

குறை இல்லாம இல்ல. லிங்க் போய் சேர்ற பத்திரிகை சிலது சந்தா கேக்கும். எல்லாமே இங்கிலீஷ் உலகம்தான், நம்ம ஊர் அரசியல் தேடிப்போனா ஏமாந்துருவீங்க. சுடச்சுட நியூஸ் வேணும்னாலும் இது ஆகாது. தமிழ்ல இப்படி யாராச்சும் தினம் மூணு கட்டுரை பொறுக்கி குடுத்தா காசு குடுத்தே படிப்பேன்.