ஆப்பிளின் நோட்டரிடூல்: வேகம் சரி, விளக்கம்தான் போதாது

ஆப் ஸ்டோருக்கு வெளியே மேக் செயலி கொடுப்பவர்கள், அதில் தீங்கான நிரல் இல்லை என்று ஆப்பிளிடம் சோதித்துச் சான்று வாங்க, நோட்டரிடூல் என்ற டெர்மினல் கருவிதான் இப்போது வழக்கமான வழி. இதற்கு முன்பு பயன்பட்ட ஆல்ட்டூல் கருவியின் வழியை ஆப்பிள் 2023 நவம்பரில் மூடிவிட்டது. புதியது வேகம், வெயிட் ஆப்ஷன் கொடுத்தால் முடிவு வரும்வரை டெர்மினலிலேயே காத்திருக்கும்.

எரிச்சலூட்டுவது, செயலி தேறாவிட்டால் 'இன்வேலிட்' (செல்லாது) என்று ஒரே சொல்லில் கைகழுவுவது. காரணம் தெரிய, சப்மிஷன் ஐடியை வைத்து லாகைத் தனியாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஹார்டன்ட் ரன்டைம் (செயலி ஓடும்போது அதைக் காக்கும் அமைப்பு) விட்டுப்போயிருக்கும், அல்லது ஃபிரேம்வொர்க்குக்குள் கிடக்கும் ஏதோவொரு டைலிப் (நிரல் நூலகக் கோப்பு) டிஜிட்டல் கையொப்பமில்லாமல் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கையொப்பமிடும் டீப் ஆப்ஷனை நம்பாதீர்கள். டெவலப்பர் ஐடி சான்றிதழால், டைம்ஸ்டாம்ப்போடு, உள்ளே இருப்பவற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கையொப்பமிடுங்கள்.

தேறியதும் அந்தச் சான்றைக் கோப்போடு ஒட்டுவதுதான் ஸ்டேப்பிள்; ஸிப்பில் அது ஒட்டாது. செயலியில் ஒட்டிவிட்டு மறுபடி ஸிப் செய்யுங்கள். டிஎம்ஜி (மேக்கின் டிஸ்க் இமேஜ் கோப்பு) என்றால் நேரடியாகவே ஒட்டலாம். இதை விட்டால், டவுன்லோடு செய்த செயலியை இணைய இணைப்பில்லாமல் முதல்முறை திறக்கும்போது மேக்கின் பாதுகாப்புக் காவலான கேட்கீப்பர் மறித்துவிடும்.