கேம்பரும் டிரெய்லரும் சேர்ந்தால்: பின்னால் ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா?

அமெரிக்காவில் பிக்கப்பின் (பின்புறம் திறந்த சிறு லாரி) மேல் கேம்பரை (உள்ளே தங்கிப் பயணிக்கும் கூண்டு வீடு) ஏற்றி, பின்னால் படகு டிரெய்லரையும் இழுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இழுவைத் திறனையே பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் எடை வரம்பு.

பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டி 1,800 கிலோ சுமை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். காலி கேம்பர் 1,200, தண்ணீர் 150, சாமான் 200, இருவர் 150. 1,700 ஆயிற்று. 1,500 கிலோ டிரெய்லர் கொக்கியை அழுத்தும் எடை 10 முதல் 15 சதவீதம். அதாவது 150 முதல் 225 கிலோ; இதுவும் வண்டியின் சுமையில் சேரும். குறைந்தபட்சக் கணக்கிலேயே வரம்பு தாண்டிவிட்டது! டிரெய்லர் இல்லாவிட்டால் இதே வண்டி போதும்.

பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ளதில் சுமை வரம்பு பொதுவாக அதிகம்; பக்கக்காற்றில் ஆட்டமும் குறைவு. ஆறு டயர் செலவு, குறுகிய தெருவில் திண்டாட்டம் உண்டு. ஆனாலும் கேம்பர், டிரெய்லர் இரண்டையும் கொண்டுபோவதென்றால் நான் இரட்டைச் சக்கர வண்டியைத்தான் சொல்வேன்.

கேம்பர் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கொக்கிக்கு நீட்டிப்புத் தண்டு தேவைப்படும். அதை மாட்டியதும் கொக்கியின் வரம்பு குறையும், எந்த வண்டியானாலும். எல்லாம் ஏற்றியபின் லாரி எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள்.