ஊருணி வரத்துக்கால் சீரமைப்பு சேவை: மட்டம் எடுக்கக் கூப்பிடலாம், ஷட்டருக்கு வேண்டாம்

காரைக்குடி வட்டாரத்தில் ஊருணி, கண்மாய் வேலைகளை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒரு குழுவின் வேலையைப் பற்றிய மதிப்பீடு இது. மட்டம் எடுப்பது (நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பது), ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைத் தூர்வாருவது, வண்டல் தொட்டி கட்டுவது, ஷட்டர் மாட்டுவது எல்லாம் ஒரே ஒப்பந்தம். வேலை நடந்த ஊருணி சுமார் இரண்டு ஏக்கர், தண்ணீர் வராமல் காய்ந்து கிடந்தது. மேல் கண்மாயின் மடையிலிருந்து (நீர் திறக்கும் வாயிலிலிருந்து) ஊருணி வரை வரத்துக்கால் 1,400 மீட்டர்.

மட்டம் எடுத்ததற்கு முழு மார்க் போடலாம். பெரும்பாலான இடங்களில் ஜேசிபி வந்து இறங்கிய பிறகுதான் எங்கே தோண்டுவது என்ற பேச்சே ஆரம்பிக்கும். இவர்கள் மண்ணில் கை வைப்பதற்கு முன் ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியை நிறுத்தி, 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தார்கள். பாலம், வளைவு, பழைய உடைப்பு உள்ள இடங்களில் நெருக்கமாக எடுத்தார்கள். போன வழியே திரும்ப எடுத்து வந்து, முதல் புள்ளியில் கணக்கு 2 செ.மீ.க்குள் சேருகிறதா என்றும் பார்த்தார்கள். இந்தத் திரும்பும் கணக்கைக் காட்டாத ஆளிடம் மட்டப் படத்தை வாங்காதீர்கள்.

தொடக்கம் முதல் முடிவு வரை இறக்கம் 1.1 மீட்டர், ஏறக்குறைய 1,270க்கு 1. செம்மண் வாய்க்காலுக்கு அது போதும். சிக்கல் நடுவில் இருக்கும் தார்ச்சாலையில்தான். குழாய்ப் பாலத்தின் அடி, அதற்கு மேற்பக்கம் உள்ள வாய்க்கால் அடியைவிட 22 செ.மீ. உயரம். படிந்து கிடந்த வண்டலை அள்ளாமல் அதன் மேலேயே குழாயை உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும். மழை பெய்தால் தண்ணீர் பாலத்துக்கு முன்னாலேயே தேங்கி, கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துப் புஞ்சைக்குள் போய்விடும். ஊருணி காய்ந்து கிடந்ததற்குக் காரணம் இந்த 22 செ.மீ.தான். அது தெரியாமல் ஊருணியை இன்னும் ஆறடி ஆழப்படுத்தியிருந்தால் பெரிய வறண்ட பள்ளம்தான் மிஞ்சியிருக்கும்.

600 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 900 மி.மீ. சிமென்ட் குழாயை 30 செ.மீ. இறக்கிப் போடச் சொன்னார்கள். சரியான யோசனை. சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் 600 மி.மீ. குழாய் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். ஆனால் சாலையை வெட்ட அனுமதி வாங்குவது நம் பாடு, குழு அதில் தலையிடாது. கண்மாய் மடையைத் தொடவும் தனி அனுமதி வேண்டும்: ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆனியிலேயே மனு கொடுத்தால்தான் ஐப்பசி மழைக்குள் வேலை முடியும்.

தூர்வாரியது சுமார்தான். அடி அகலம் 1.2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்வு) என்று படத்தில் இருக்கிறது. ஜேசிபி ஓட்டுநர் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போனார். மணல் கலந்த செம்மண் அப்படி நிற்காது, முதல் மழையிலேயே சரிந்து விழும். அள்ளிய மண்ணையும் விளிம்பிலேயே குவித்தார்கள். குறைந்தது ஐந்தடி தள்ளிப் போட வேண்டும்; பக்கவாட்டு நீர் உள்ளே இறங்க இடைவெளியும் விட வேண்டும். சீமைக்கருவேலத்தை அறுத்ததோடு விட்டால் அடிக்கட்டை துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள்.

ஊருணியை இரண்டு மீட்டர் ஆழப்படுத்தலாம் என்ற யோசனையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மறுத்துவிடலாம். இந்தப் பக்கம் களிமண்ணுக்கு அடியில் செம்புறாங்கல்லும் சரளையும் இருக்கும். களிமண் அடுக்கு உடைந்தால் தேங்கும் நீர் அடியோடு இறங்கிவிடும். எவ்வளவு தோண்டலாம் என்று தெரிய, ஐந்து இடங்களில் கடப்பாரையால் குழி போட்டுப் பாருங்கள். கறுத்த களி முடிந்து சிவந்த சரளை எங்கே தொடங்குகிறதோ அதற்கு மேல் ஓரடிக் களியாவது மிஞ்ச வேண்டும். பறவைகள் வரும் கண்மாய் என்றால் இன்னொரு கவனமும் தேவை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போன்ற இடங்களில் கூடு கட்டுவது நீரில் நிற்கும் மரங்களில், அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் இரை தேடுவது ஆழம் குறைந்த நீரில். உள்வாய் (கண்மாய்க்குள் நீர் தேங்கும் பகுதி) முழுவதையும் தொட்டிபோல ஒரே ஆழமாக்கினால் இரண்டுமே போகும்.

வண்டல் தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். அளவு சரி: நொடிக்கு 300 லிட்டர் வந்தாலும் உள்ளே வேகம் தணிந்து பருமணல் படிந்துவிடும். ஆனால் மேலே ஸ்லாப் போட்டு மூடிவிட்டார்கள். அள்ள முடியாத தொட்டி ஒரே பருவத்தில் தூர்ந்துவிடும். குப்பையைத் தடுக்கும் கம்பியும் நட்டுக்க நிற்கிறது. தரையிலிருந்து 60 டிகிரியில் சாய்த்து, 50 மி.மீ. இடைவெளி விட்டால்தான் மேலிருந்து வாரியால் இழுக்க முடியும்.

ஷட்டர்தான் மோசம். கண்மாய் மடையில் மாட்டிய 60 செ.மீ. அகலப் பலகைக்கு அடியில் ரப்பர் இல்லை, இறக்கி மூடினாலும் 5 மி.மீ. சந்து. ஒன்றரை மீட்டர் நீர் நிற்கும்போது அந்தச் சந்து வழியே நொடிக்கு ஏறக்குறைய 10 லிட்டர், ஒரு நாளைக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல் வெளியேறும். ஆயக்கட்டுக்காரர்கள் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்கள்? திருகு கம்பிக்கு நடுவில் தாங்கி எதுவும் இல்லை. அடியில் கல் சிக்கியது தெரியாமல் முறுக்கினால் கம்பி வளையும், வளைந்தால் பிறகு ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. நட்டும் சாதா இரும்பு, ஒரு கோடை தாண்டினால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

ஷட்டரை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு லேத் பட்டறையில் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். 10 மி.மீ. தகடு, அடியிலும் பக்கங்களிலும் ரப்பர், 50 மி.மீ. சதுர மரைக் கம்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு தாங்கி, கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டு, மரைக்கு மேல் மூடிக் குழாய். கைப்பிடி கழற்றி மாட்டும் வகையாக இருக்கட்டும். அது நீர்ப்பாய்ச்சி (மடையைத் திறந்து மூடும் ஊர்ப் பொறுப்பாளர்) வீட்டில் இருந்தால், ராத்திரியில் யாரும் தன் வயலுக்கு என்று மடையைத் திறக்க முடியாது.